பெரட்டுக் களமும் பிஸ்கட் டின்னும்

சிங்கப்பூரில் தொடங்கிப் பிரான்சு நாட்டின் மார்சேய் துறைமுகம் வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளும் சீ-மீ-வீ 4 என்னும் கடலடி இழை வடம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது என்பதும், அது கரையேறும் ஊர்களுள் மலாக்கா, கொழும்பு, சென்னை ஆகிய மூன்றும் அடங்கும் என்பதும் கடல் கடந்த தமிழர் வரலாற்றில் தனி அதிகாரம் பெறத்தக்க செய்திகளாகும். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிய பாட்டனார் பல நாள் தலைசுற்றிக் கிடந்து கடந்த வங்கக் கடலை, கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளி கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கிலேயே கடந்துவிடுகிறது. ஆயினும் அத்தனை தொலைவைக் களைப்பின்றிக் கடந்து வந்த தொடர் நாடகம், டுரியான் துங்கலில் உள்ள தாமான் வீடொன்றின் முன்கூடத்திலிருந்து சமையலறை வரையுள்ள கடைசி நாற்பது அடியைக் கடக்க மாட்டாமல், மாமியார் உண்மையைச் சொல்ல வாய் திறந்த கணத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. 18,800 கிலோமீட்டருக்குப் பொறுப்பேற்கப் பல நாட்டு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. எஞ்சிய நாற்பது அடிக்கு இல்லத்தலைவர் ஒருவரே பொறுப்பு. அப்பொறுப்பை அவர் மலிவாக நிறைவேற்ற முயலும் வழிகளையும், அம்முயற்சியின் பொருளாதார, குடும்பவியல் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக்குரிய கருவிகள் இரண்டு. முதலாவது ரவுட்டர், நூல்கள் அதனைத் திசைவி என்று குறிக்க, மலாக்கா இல்லங்கள் வைஃபை டப்பா என்று அழைக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஒரே இணைய இணைப்பை வீட்டிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் பங்கிட்டு, எந்தத் தகவல் எவருக்குரியது என்று பார்த்துச் சேர்ப்பிப்பது அதன் பணி. இதனை விளங்கிக்கொள்ளக் கணினியியல் பட்டம் வேண்டுவதில்லை; தோட்டத்துப் பெரட்டுக் களத்தை அறிந்திருந்தால் போதும். விடியுமுன் தொழிலாளர் களத்தில் கூடி நிற்க, கிராணியார் பெயரேட்டைப் பிரித்து ஒவ்வொருவராக அழைத்து, வந்தவர் இன்ன நெரையில் மரம் சீவ வேண்டும் என்று பிரித்தனுப்புவார். பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய நெரையும் இல்லை, கூலியும் இல்லை. ரவுட்டரும் வீட்டில் விழித்தெழும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் ஓர் எண்முகவரியை வழங்குகிறது. அந்த எண்ணைப் பெறாத கருவி இணையத்தின் பக்கம் தலைகாட்ட முடியாது. கணினியியலார் இம்முறையை டி.எச்.சி.பி. என்று சுருக்கி அழைத்துப் புதுமை கொண்டாடுகின்றனர். 1896இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டு, தோட்டங்களுக்கு வழிதிறந்த பின் வந்த தலைமுறைகள், மின்சாரமே இல்லாமல் அதே முறையில் எண் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போயின. வேறுபாடு ஒன்றே: ரவுட்டர் முரண்டு பிடித்தால் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு மீண்டும் போடலாம், கிராணியாரிடம் அந்த வசதி இல்லை.

இரண்டாவது கருவி வலையச் சேமிப்பகம். ஒன்றிரண்டு வன்தட்டுகளைத் தாங்கி, ரவுட்டரோடு கம்பியால் இணைந்து, வீட்டிலுள்ள எந்தக் கருவியிலிருந்தும் படங்களையும் ஆவணங்களையும் போட்டு எடுக்க இடந்தரும் சிறு பெட்டி அது. வணிகர்கள் அதனை நாஸ் என்று சுருக்கியழைப்பதால் மலேசியத் தமிழ் இல்லங்களில் ஒரு சொல்லாராய்ச்சிச் சிக்கல் எழுகிறது. அச்சொல் மலாய் மொழியில் சோற்றைக் குறிக்கும் நாசி என்பதற்கும், தமிழில் அழிவைக் குறிக்கும் நாசம் என்பதற்கும் நடுவில் நிற்கிறது. எனவே இல்லத்தலைவர் நாஸ் வாங்கி வருவதாக அறிவித்துப் புறப்பட்டால், பிள்ளைகள் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக்கை எதிர்பார்த்திருப்பர், மனைவியார் குடும்பக் கணக்கில் மற்றதை எதிர்பார்த்திருப்பார். இரு தரப்பாருள் எவர் ஏமாறுவதில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

பெயர் புதிதாயினும் பொருள் பழையது. தோட்டத்து லயன் வீடுகளில் அலமாரியின் மேலோ கட்டிலின் கீழோ சதுரமான பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. பிறப்புச் சூரா, பழைய அடையாள அட்டை, தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அறிக்கை, ஓரம் பழுத்த கல்யாணப் படம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கியிருந்தன. குடும்பத்தார் எவரும் எந்நேரமும் அதனைத் திறக்கலாம்; கடவுச்சொல் இல்லை, மின்கட்டணம் இல்லை, மென்பொருள் மேம்பாடு என்று நள்ளிரவில் தானாக அணைந்து எழும் வழக்கமும் இல்லை. அதனைத் தாக்கிய நச்சுநிரல்கள் ஈரமும் கரையானும் மட்டுமே. அதன் குறைபாடு ஒன்றுதான்: உள்ளே இருந்தவற்றுக்கு வேறு பிரதி இல்லை, குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது டின்னை இரண்டாகப் பிரிக்க முடியவில்லை. இக்குறைபாடு கட்டுரையின் இறுதியில் மீண்டும் தலைகாட்டும்.

ரவுட்டரைத் தேர்வதற்கு முன் வீட்டை அறிதல் வேண்டும் என்பது முதல் விதி. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது மெதுவாயினும் சுவர்களைத் துளைத்துக்கொண்டு கடைசி அறை வரை செல்வது. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது எதிரே இருப்பவரிடம் மிக விரைவாகப் பேசிவிட்டு, சுவர் ஒன்றைக் கண்டதும் திரும்பிவிடுவது. இவ்விரண்டின் நடத்தை மலாக்கா மாநிலத்தின் மூவகைத் தமிழர் வீடுகளில் மூவகையாக வெளிப்படுகிறது. ஜாசின், அலோர் காஜா மாவட்டத் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் பலகைச் சுவர் லயன் வீடுகளில் அலைக்குத் தடையே இல்லை. அண்டை வீட்டாரின் சண்டை எவ்வளவு தெளிவாகக் கேட்குமோ அவ்வளவு தெளிவாக அண்டை வீட்டாரின் வைஃபையும் கிட்டும். ஆதலால் அங்கே ஆறு வீட்டு வரிசையில் இருவர் ரவுட்டர் வாங்குவதும் அறுவர் பயன்பெறுவதும் கூட்டுறவுக் கொள்கைக்கு உகந்தவையே. தாமான்களின் வரிசை வீடுகளோ செங்கற் சுவரும் கான்கிரீட் மாடியும் உடையவை. முன்கூடத்து 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு சுவர் தாண்டுமுன் மெலிந்துவிடும். மூன்றாவது வகை, 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் நிற்கும் ஜாலான் துக்காங் எமாஸ் வட்டாரத்து மலாக்காப் பழநகரின் கடைவீடுகள். முகப்பு குறுகி உள்நீளம் மிகுந்து, தடித்த சுவர்களோடு நிற்கும் அவை, பகைவரைத் தடுக்காவிட்டாலும் வைஃபையைத் திறம்படத் தடுக்கின்றன. அங்கே ஒரு ரவுட்டரின் விலையை இரட்டிப்பாக்குவதைவிட, கம்பி இழுத்து இரண்டாவது ரவுட்டரை வீட்டின் பின்பகுதியில் வைப்பதே மலிவும் பயனும் உடையது.

வைக்கும் இடம் பற்றிய அறிவு, வாங்கும் விலை பற்றிய அறிவைவிடச் சிறந்தது. இணைப்பைப் பொருத்த வருபவர் வாசலுக்கு அருகே இழை நுழையும் மூலையில் பெட்டியை மாட்டிவிட்டுச் செல்வது இயல்பு. இல்லத்தார் அதனை அழகுக் குறைவாகக் கருதி, தொலைக்காட்சிக்குப் பின்னாலும், கண்ணாடி அலமாரிக்குள்ளும், மீன்தொட்டிக்கு அப்பாலும் ஒளித்து வைப்பது அதனினும் இயல்பு. நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். கண்ணாடியின் பின்பூச்சாகிய உலோகம் அலையைத் திருப்பியடிக்கும். சமையலறை நுண்ணலை அடுப்பு அதே அலைவரிசைக்கு அருகில் இயங்கி இரைச்சல் எழுப்பும். ஆயிரம் வெள்ளி ரவுட்டரை வாங்கி மீன்தொட்டியின் பின்னால் வைப்பவர், தம் வீட்டு மீன்களுக்கே உயர்தர இணைய வசதி செய்து கொடுத்தவராவார். நூறு வெள்ளி அளவிலான ரவுட்டரை மாடிப்படியின் நடுவில், நெஞ்சுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பவர் மனிதர்களுக்குச் செய்து கொடுத்தவராவார். பூச்சரம் சூட்டிய சாமிப் படத்தின் அடியில் வைப்பதில் அறிவியல் தடை ஏதுமில்லை. ஆனால் ரவுட்டரின் காற்றுத்துளைகள் வெதுவெதுப்பானவை, படையலின் சர்க்கரைப் பொங்கல் அருகிலிருப்பது, எனவே எறும்புகள் அதற்குள் குடியேற்ற உரிமை கோரும் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்தல் நன்று.

அடுத்து ஆராயத்தக்கது பெட்டியின் மேல் அச்சிட்ட எண். ஏ.சி.1200 என்று பெட்டி சொன்னால், வீட்டில் எவருக்கேனும் வினாடிக்கு 1,200 மெகாபிட் கிட்டும் என்று இல்லத்தலைவர் கொள்கிறார். உண்மையில் அது 2.4 கிகாஹெர்ட்சின் 300, 5 கிகாஹெர்ட்சின் 867 ஆகிய இரு கோட்பாட்டு உச்ச வேகங்களைக் கூட்டி, 1,167 என்று வந்ததையும் மேலே தள்ளி முழுமையாக்கிய எண். கணவருக்கு வயது ஐம்பத்திரண்டு, மனைவிக்கு ஐம்பது, ஆகவே இவ்வீட்டில் நூறு வயதைத் தாண்டிய ஒருவர் வாழ்கிறார் என்று குடிக்கணக்கெடுப்பில் எழுதுவதற்கு ஒப்பானது இது. ஒரு கருவி ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையையே பற்றுவதால், கூட்டிய தொகை எவருக்கும் கிட்டுவதில்லை. அதன்மேல், இணைய வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது, கோப்புகளோ மெகாபைட்டில் அளக்கப்படுகின்றன. எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பு வினாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் தராது. இதைக் கேட்டு நகரவாசிகள் வஞ்சிக்கப்பட்டதாகக் கொதிப்பதுண்டு. தோட்டத்து முதியவர்கள் வியப்பதில்லை. காண்டா வாளியில் சுமந்து வந்த பால் எவ்வளவு நிறுத்தாலும், மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டுப் பார்த்து, அதில் மூன்றில் ஒரு பங்களவே காய்ந்த ரப்பர் என்று கணக்கெழுதிய பால் ஸ்டோரை அவர்கள் கண்டவர்கள். விளம்பரம் சொல்வது பாலின் எடை. வீட்டுக்கு வருவது காய்ந்த ரப்பர்.

வாங்கிய ரவுட்டர் இணைப்போடு பொருந்துமா என்பது அடுத்த வினா. 2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியா தொடங்கிய யூனிஃபை இழைச் சேவையில், ஒரே கண்ணாடி இழைக்குள் இணையம் 500 என்னும் தட எண்ணிலும் தொலைக்காட்சி 600 என்னும் தட எண்ணிலும் பிரிந்து வந்தன; இவ்வாறு ஒரே வழியைத் தடங்களாகப் பிரிக்கும் முறைக்கு வீலேன் என்று பெயர். வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த ரவுட்டரை மலிவாக வாங்கி வந்து, அதில் இத்தட எண்ணைப் பதிக்கும் வசதியில்லை என்று அறிந்த இல்லத்தலைவர், ஒரே மரத்தில் தவறான பக்கம் சீவியவரின் நிலையை அடைகிறார்: கத்தியும் கூர்மை, கையும் பழக்கம், மங்கில் மட்டும் ஒரு சொட்டும் விழுவதில்லை. பழையதே போதும் என்று வைத்துக்கொள்வோரும் ஒன்றைக் கருத வேண்டும். அச்சேவையின் தொடக்க ஆண்டுகளில் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டி-லிங்க் டிஐஆர்-615 ரவுட்டரின் துளைகள் 100 மெகாபிட் அளவினவை. 2018இல் கட்டணம் குறைந்து வேகம் உயர்ந்தபின், அதன் வழியே 300 மெகாபிட் இணைப்பை அனுப்புவது, அண்டா நிறையப் பாயசம் காய்ச்சி ஆளுக்கொரு தேக்கரண்டி கொடுத்து விருந்து முடிப்பதாகும்.

இழை எட்டாத தோட்டங்களில் சிம் அட்டை போடும் ரவுட்டர்களே துணை. 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் முடிவில் நாடெங்கும் நிறுத்தப்பட்டதால், பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் பழைய வகை எதுவாயினும் அது 4ஜி அறியுமா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். இவ்வகை இணைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. இணையத்தின் பழைய எண்முகவரி முறையில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அவை போதாமையால், கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்துகின்றன. அக்காலத் தோட்டத்தில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் அனைத்தும் ஆபீஸ் முகவரிக்கே வந்து, அங்கிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டன. இன்னார் வீட்டுக்கு நேராக எழுத வெளியார் எவராலும் முடியாது. சிம் ரவுட்டர் வீட்டு வலையச் சேமிப்பகத்தின் நிலையும் அதுவே: வீட்டுக்குள் எல்லார்க்கும் எட்டும், கோலாலம்பூரில் படிக்கும் மகளுக்கு நேரடியாக எட்டாது, இடைத்தரகராகிய வேறொரு சேவையின் உதவி வேண்டும்.

இனிச் சேமிப்பகத்தைத் தேர்தல். வட்டு இல்லாத வெறும் பெட்டியே பல நூறு வெள்ளி என்பதை முதலில் அறியும் இல்லத்தலைவர், குப்பியில்லாத ஊறுகாய்க்கும் ஊறுகாயில்லாத குப்பிக்கும் தனித்தனி விலையா என்று கேட்பது இயல்பு. அதன்மேல், நான்கு டெராபைட் வட்டுகள் இரண்டை வாங்கிப் பொருத்தியபின் திரையில் நான்கு டெராபைட் மட்டுமே தெரிவதைக் காணும்போது, கடைக்காரர் ஒன்றை எடுத்துக்கொண்டார் என்றே அவர் முடிவு செய்கிறார். எடுக்கவில்லை. ஒரு வட்டில் எழுதுவதை மற்றொன்றிலும் அப்படியே எழுதி, ஒன்று செத்தாலும் மற்றொன்று காக்கும் இந்த ஏற்பாடு ரெய்டு 1 எனப்படும். 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் இம்முறைகளைப் பற்றி எழுதியபோது அப்பெயரின் நடுவே மலிவான என்று பொருள்படும் சொல் இருந்தது. பின்னர் வணிகர்கள் கையில் அது தனித்தியங்கும் என்னும் பொருளுடைய சொல்லாக மாறிவிட்டது. மலிவு என்று பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு விலை உயர்த்துவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்க்கு இம்மாற்றம் வியப்பளிக்காது.

வட்டுகளிலும் இனங்கள் உண்டு. சில வட்டுகளில் தகவல் தடங்கள், பழைய வீடுகளின் அத்தாப்புக் கூரையைப் போல ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறி அடுக்கப்பட்டிருக்கும். இடம் மிச்சம், விலையும் குறைவு. ஆனால் நடுவில் ஒரு கீற்றை மாற்றப் பக்கத்துக் கீற்றுகளையும் தூக்க வேண்டியிருப்பதுபோல், ஒன்றைத் திருத்தி எழுத அண்டைத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். இரட்டை வட்டுப் பெட்டிகளில் இது பெருந்தாமதம் விளைக்கும். 2020 ஏப்ரலில், வலையச் சேமிப்பகத்துக்கென்றே விற்கப்பட்ட தன் சிவப்பு வரிசை வட்டுகளுள் சில இவ்வினத்தைச் சேர்ந்தவை என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ஒப்புக்கொண்டு, பின்னர் அடுக்காத இனத்துக்குப் பிளஸ் என்னும் அடைமொழி சேர்த்தது. அதனால் வாங்குவோர் வட்டின் நிறத்தைப் பார்ப்பதோடு நில்லாது, கடைசி எழுத்து வரை படித்துப் பார்க்க வேண்டியவராயினர். மின்செலவைப் பற்றிய அச்சமோ மிகையானது: 15 வாட் பெட்டி முப்பது நாள் இரவும் பகலும் ஓடினால் 10.8 யூனிட், 2025க்கு முந்திய கட்டணத்தின் முதல் படியாகிய யூனிட்டுக்கு 21.80 சென் வீதம் மாதம் 2 வெள்ளி 35 சென். அதாவது ஒரு தே தாரிக்குக்கு மேல், இரண்டுக்குக் கீழ். பெட்டியே வேண்டாம் என்போர்க்கு ரவுட்டரின் முதுகிலுள்ள யூ.எஸ்.பி. துளையில் வெளிவட்டு ஒன்றைச் செருகும் வழி உண்டு. வேகம் குறைவு, காவல் குறைவு, ஆயினும் படங்களை மட்டும் சேர்த்துவைக்கும் குடும்பத்துக்கு அதுவே திண்ணையில் சாய்ப்பிறக்கிக் கட்டிய அறை போலப் போதுமானது.

இத்தனை ஆய்வுக்கும் பின் வாங்கி வைத்த கருவியின் ஆயுளை முடிவு செய்பவர் பாட்டியார். மலாக்காவில் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து முதல் இடி கேட்டதும், அவர் வீட்டுக் கண்ணாடிகளைத் துணியால் மூடி, செருகிகள் ஒவ்வொன்றையும் வரிசையாகப் பிடுங்கிவிடுகிறார். வலையச் சேமிப்பகம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், பாதி எழுதிய கோப்பு குலைந்து, சில வேளை கோப்பமைப்பே சிதையக்கூடும். முறையாக அணைத்த பின்னரே செருகியைத் தொட வேண்டும் என்பது நூல் விதி. எனவே இளைய தலைமுறை இதனை மூடநம்பிக்கை என்று முணுமுணுக்கிறது. ஆனால் இக்கூற்று ஆராயாமல் சொல்லப்பட்டது. தொலைபேசியின் பழைய செம்புக் கம்பி இடிமின்னலை நேரே வீட்டுக்குள் அழைத்து வந்து மோடத்தைக் கருக்கிய காலத்தை அவர் கண்டவர். இழை வெறும் கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆயினும் ரவுட்டரின் மின்செருகி செம்பிலேயே தொங்குகிறது. மேலும், 1973இல் சீமென்ஸ் நிறுவனம் தொடங்கி இன்று இன்ஃபினியோன் என்னும் பெயரில் இயங்கும் பத்து பெரெண்டாம் தொழிற்சாலையும் அதன் அக்கம்பக்கத்து ஆலைகளும் மலாக்காவைச் சில்லுத் தொழிலின் ஊராக்கிய காலத்தில் வேலைக்குச் சென்ற பெண்கள் இன்றைய பாட்டியர். நுண்ணோக்கியின் வழியே சில்லுகளைப் பார்த்து, விரல் நுனியின் நிலைமின்சாரமே ஒரு சில்லைக் கொல்லும் என்று மணிக்கட்டில் பட்டை கட்டி வேலை செய்தவர், வானத்து மின்சாரத்தைக் கண்டு செருகியைப் பிடுங்குவது மூடநம்பிக்கை ஆகாது. ஓய்வு பெற்றபின்னும் மறவாத தொழிலறிவு ஆகும். அவரைத் திருத்த முனைவதினும், மின்சாரம் போனபின் சில நிமிடம் தாங்கி, சேமிப்பகத்தைத் தானே முறையாக அணையச் செய்யும் யூ.பி.எஸ். ஒன்றை வாங்குதலே சிக்கனம். பாட்டியாரும் தம் கடமையைச் செய்யலாம், வட்டும் பிழைக்கும்.

பாதுகாப்பு பற்றிச் சிறிது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் விருந்தினர் முறுக்கைத் தொடுமுன் கேட்பது வைஃபை கடவுச்சொல்லையே. மறுப்பது மரியாதையன்று, கொடுப்பது அறிவன்று. இதற்கென்றே விருந்தினர் வலையம் என்னும் வசதி இன்றைய மலிவு ரவுட்டர்களிலும் உண்டு. அது திண்ணை போன்றது, வந்தவர் அமரலாம், இளைப்பாறலாம், உள்ளறைச் சேமிப்பகத்தைப் பார்க்க முடியாது. வெளியுலகுக்குக் கதவைத் திறந்துவைத்தலோ இன்னும் கொடிது. 2015க்குப் பின் மென்பொருள் மேம்பாடு பெறாமல் இணையத்தோடு இணைந்தே கிடந்த மை புக் லைவ் என்னும் பழைய சேமிப்பகங்கள், 2021 ஜூனில் தொலைவிலிருந்து ஊடுருவியவர்களால் ஒரே வீச்சில் வெறுமையாக்கப்பட்டன; பலர் காலையில் எழுந்து பார்த்தபோது பெட்டி நலமாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பழைய பெட்டியை மலிவாக வாங்குபவர் அதன் விலையைக் கேட்பதற்கு முன் கடைசி மேம்பாடு எந்த ஆண்டு என்று கேட்பது, ஆடு வாங்குமுன் பல்லைப் பார்ப்பதற்கு நிகர்.

இவ்வளவு காவலும் எதற்கு என்று உள்ளே திறந்து பார்த்தால் ஆய்வாளர் திகைப்பார். ஒரு கைப்பேசிப் படம் 3 மெகாபைட் என்று கொண்டால் ஒரு டெராபைட்டில் ஏறத்தாழ 330,000 படங்கள் அடங்கும். ஒன்றை ஐந்து வினாடி பார்ப்பதானால் உண்ணாமல் உறங்காமல் பத்தொன்பது நாள் வேண்டும். அவற்றுள் கணிசமானவை ரோசாப்பூவின் மேல் எழுதிய காலை வணக்கங்கள். ஒரே வணக்கம் தாயின் கைப்பேசியிலிருந்து ஒரு முறையும் தந்தையின் கைப்பேசியிலிருந்து மறு முறையும் சேமிக்கப்பட்டு, ரெய்டு முறையால் மேலும் இரட்டிப்பாகி, நான்கு ரோசாக்களாக நிரந்தரம் பெற்றிருக்கும். ஆனால் அக்குவியலின் அடியில், ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் வந்த நிலத்தில் ஒரு காலத்தில் நின்ற லயன் வீட்டின் படம் ஒன்று இருக்கும். பெரட்டுக் களத்தின் மணி, கோயில் திருவிழாவில் காவடி தூக்கிய பெரியப்பா, பால் வாளியோடு வெட்கப்பட்டு நிற்கும் பாட்டி இருப்பர். தோட்டம் துண்டாடப்பட்டபோது அதன் பெயரேடுகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லாத குடும்பங்களுக்கு, இருக்கும் ஆவணம் அதுவே. அப்படம் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து வருடிச் சேர்த்தது.

இங்கேதான் டின்னின் பழைய குறைபாடு திரும்பி வருகிறது. இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதுதல் வட்டின் சாவுக்கு மாற்று மட்டுமே. பேரன் அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும், திருடன் தூக்கினால் இரண்டும் ஒன்றாகப் போகும், வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாக நனையும். ஆகவே தொழில்நுட்பர்கள் 3-2-1 என்னும் விதியை வகுத்தனர்: பிரதிகள் மூன்று, அவை தங்கும் ஊடகங்கள் இரண்டு, அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். மாதச் சந்தா கட்டி வெளிநாட்டு நிறுவனத்தின் களஞ்சியத்தில் அம்மூன்றாவதை வைக்கலாம். மலாக்காத் தமிழ்க் குடும்பத்துக்கோ அதனினும் மலிவான வழி இயற்கையாகவே வாய்த்திருக்கிறது. ஒரு மகன் ஜாசினில், ஒருவர் அலோர் காஜாவில், மகள் கிள்ளானில் என்று அது தானே மூன்று இடங்களில் பரவிக் கிடக்கிறது. வெளிவட்டு ஒன்றில் எல்லாவற்றையும் படியெடுத்து, ஆண்டுக்கு இரு முறை அண்ணன் வீட்டில் மாற்றி வைத்துவிட்டு வந்தால் வேறோர் இடம் என்னும் நிபந்தனை நிறைவேறும்; செலவு ஒரு வட்டும் பெட்ரோலும்.

தொழில்நுட்ப நூல்கள் சொல்லாமல் விட்ட தடை ஒன்று மட்டும் உண்டு: அண்ணனோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். தந்தையார் மறைந்தபின் அந்த டின் எந்த வீட்டில் இருப்பது என்று தொடங்கிய மனத்தாங்கல், கல்யாணப் பத்திரிகையில் பெயர் விடுபட்டது வரை வளர்ந்து, இரு வீட்டார் மாசி மகத்தின்போது கோயிலில் எதிரெதிர்த் தூணோரம் நிற்கும் அளவில் முதிர்ந்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. ஒரே பிரதி இருந்ததால் வந்த சண்டை அது. படியெடுக்கக் கற்றபின் சண்டைக்குக் காரணமே எஞ்சவில்லை என்பதை இரு தரப்பும் இன்னும் கணக்கிடவில்லை. எனவே மலிவான சேமிப்பகத்தைத் தேடும் இல்லத்தலைவர் கடையில் கேட்க வேண்டிய வட்டுகள் இரண்டல்ல, மூன்று. அம்மூன்றாவதை எடுத்துக்கொண்டு அலோர் காஜாவுக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டிய அமைப்பு வேலை ஒன்று இருக்கிறது. ரவுட்டர் தன்னிடம் கொடுக்கப்படும் எந்தத் தகவலையும் உரியவரிடம் சேர்க்க வல்லது, “அண்ணே, பசியாறிட்டீங்களா?” என்னும் முதல் தகவலை மட்டும் அதனிடம் யாரேனும் கொடுத்தாக வேண்டும்.